குதாவும் அல்லாஹ்வும்: உருது வழக்கில் இறைவனைச் சுட்டும் சொற்கள்

உருது பேசும் முஸ்லிம்கள் விடைபெறுங்கால் ‘குதா ஹாபிஸ்’ என்பது நெடுங்கால வழக்கு. ‘இறைவன் காப்பானாக’ என்பது அதன் கருத்து. பாகிஸ்தானில் ஜெனரல் ஜியாவுல் ஹக் ஆண்ட காலத்தில் (1977–1988) இதற்கு மாறாக ‘அல்லாஹ் ஹாபிஸ்’ எனும் தொடர் பரவத் தொடங்கிற்று; பின்னர் இந்திய உருது வழக்கிலும் இடம்பெற்றது. ‘குதா’ எச்சமயத்தாரும் வழங்கத்தக்க பொதுப்பெயர், பன்மையும் ஏற்பது. ‘அல்லாஹ்’ என்பதோ பன்மை ஏலாத தனிப்பெயர். ஆகவே பின்னதே தக்கது என்பது மாற்றத்தை விரும்பியோர் வாதம்.

வாதத்தில் வலிமையுண்டு. எனினும் சொல்லின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். ‘குதா’ என்னும் பாரசீகச் சொல்லின் பழம்பொருள் தலைவன், உடையவன் என்பதாம். மரக்கலத் தலைவனை ‘நாகுதா’ என்பர். நாவாய்க்கு உடையவன் என்பது அதன் பொருள். நம் கடற்கரை ஊர்களில் ‘நகுதா’ என வழங்குவதும் இச்சொல்லே. இங்ஙனம் உலகியல் தலைமையைக் குறித்த சொல்லைப் பாரசீக முஸ்லிம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஏக இறைவனுக்கு உரியதாக்கி வழங்கினர். உருதுப் பெருங்கவிஞர் காலிபும் இக்பாலும் அச்சொல்லை ஆண்டனர். 1954இல் ஏற்கப்பெற்ற பாகிஸ்தான் நாட்டுப்பண்ணின் இறுதி அடியிலும் ‘குதா’ உண்டு. அதனை எவரும் மாற்றவில்லை.

திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 110ஆம் வசனம், அல்லாஹ் என்றழைப்பினும் ரஹ்மான் என்றழைப்பினும் அழகிய திருநாமங்கள் அவனுக்கே உரியன என உணர்த்துகின்றது. ‘இது அரபு நாமங்களையே குறிக்கும்’ என்பார் ஒரு சாரார். பொருள் பொருந்தின் பிறமொழிப் பெயரும் ஆகும் என்பார் மறுசாரார். பின்னவர் கொள்கையே பொருத்தமுடையது எனத் தோன்றுகின்றது. விடைபெறுங்கால் ‘அல்லாஹ் ஹாபிஸ்’ என்பது அரபியர் வழக்கன்று. அவர்கள் ‘ஃபீ அமானில்லாஹ்’ போன்ற தொடர்களையே கூறுவர்.

பெயரினும் நுட்பமானது வினைமுடிபு. உருதுவில் மூத்தோரை ‘ஆப்’ எனப் பன்மையால் விளிப்பதே மரியாதை. ஆயினும் துஆவில் இறைவனை ‘தூ’ என ஒருமையால் விளிப்பர். இக்பால் அரங்கேற்றிய ‘ஷிக்வா’ முழுதும் இறைவனை நோக்கிய ஒருமை விளியே. அவமதிப்பன்று இஃது, அன்பின் அணுக்கமும் ஏகத்துவ உணர்வும் ஒருமையில் ஒருங்கே அமைகின்றன. படர்க்கையில் மட்டும் வழக்கு இரண்டாகப் பிரிகின்றது: ‘அல்லாஹ் ஃபர்மாதா ஹை’ என ஒருமையில் முடிப்பாரும் உளர், ‘ஃபர்மாதே ஹைன்’ என மரியாதைப் பன்மையில் முடிப்பாரும் உளர். ‘அல்லாஹ் மியான்’ எனக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் வீட்டு வழக்கை அறிஞர் சிலர் ஏற்பதில்லை. ‘மியான்’ கணவனையும் குறிக்கும் என்பதே காரணம்.

வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரங்களில் வீட்டில் உருதும் வகுப்பில் தமிழும் பயிலும் மாணவர் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று. ‘ஃபர்மாதே ஹைன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘அல்லாஹ் கூறுகின்றார்கள்’ என எழுதின், தமிழில் அது பலரைச் சுட்டுவதாகவும் ஆகிவிடும். ‘கூறுகின்றான்’ என்பதே தமிழ் முஸ்லிம்களின் மரபு.