புயல் செய்தியில் 'நாட்' என்று வந்தால்…

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவானதும் கைபேசிச் செயலிகளைப் பார்த்துத்தான் திருக்காட்டுப்பள்ளி விவசாயிகள் பலர் வாழைக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். அப்போது ஒரே புயலுக்கு 70, 80, 130 என மூன்று எண்கள் கண்ணில் படலாம். பதற வேண்டாம், மூன்றும் ஏறத்தாழ ஒரே வேகமே. 70 நாட் (மணிக்குக் கடல் மைல்), மணிக்கு 80 மைல், மணிக்கு 130 கி.மீ. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலின் வேகமும் ஏறத்தாழ இதுவே.

குழப்பத்துக்குக் காரணம் அலகுதான். நிலத்து மைல் 1,609 மீட்டர். கடல் மைல் 1,852 மீட்டர், அதாவது அட்சரேகையில் ஒரு கலை (பாகையில் 60இல் ஒரு பங்கு). வரைபடத்தில் அளந்த தூரத்தை அப்படியே வேகத்தோடு பொருத்தலாம் என்பதால் கப்பலும் விமானமும் நாட் கணக்கில் இயங்குகின்றன. திருச்சி விமான நிலையத்திலும் விமானிகளுக்குக் காற்றின் வேகம் நாட்டாகவே சொல்லப்படுகிறது.

அலகு மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 34 நாட், அதாவது 62 கி.மீ. தொட்டால்தான் 'புயல்'. 48 நாட், அதாவது 89 கி.மீ. தொட்டால் 'தீவிரப் புயல்'. 'தீவிரப் புயல், வேகம் 50' என்று செய்தி வந்தால் அது கிலோமீட்டராக இருக்க முடியாது.

கணக்கு எளிது. மைலை நாட்டாக்க எட்டில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 80இல் 10 போக 70. துல்லியமாக வேண்டுமானால் 0.869ஆல் பெருக்குங்கள். நாட்டைக் கிலோமீட்டராக்க 1.852ஆல் பெருக்குங்கள்.

'நாட்டும் மைலும் ஒன்றுதான்', 'இரட்டித்தால் போதும்' என்ற குறுக்குவழிகளை நம்பாதீர்கள். முதலாவதில் 15 விழுக்காடு பிழை வரும். இரண்டாவது, வேகத்தை 8 விழுக்காடு கூட்டிக் காட்டும். 70 நாட்டை 70 கி.மீ. என்று எடுத்துக்கொள்வது இன்னும் ஆபத்து. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மரத்தின் மீது விழும் விசை நீங்கள் நினைத்ததைப் போல் மூன்றரை மடங்காகும்.

அலகைச் சரிசெய்த பிறகு இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, அந்த எண் சராசரி வேகமா, 'இடையிடையே' வீசும் உச்ச வேகமா? நம் வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியைச் சொல்கிறது. அமெரிக்கக் கணிப்புகள் ஒரு நிமிடச் சராசரி என்பதால் எண் சற்றுக் கூடுதலாக இருக்கும். மற்றொன்று, அது கடலோர வேகமா? திருக்காட்டுப்பள்ளி நாகப்பட்டினத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 100 கி.மீ. உள்ளே இருக்கிறது. நிலத்தில் புயல் வலுவிழக்கும் என்பதால் கடற்கரைக்கான எண் அப்படியே இங்கு வராது. ஆனாலும் மழை குறையும் என்று எண்ணிச் சம்பா வயலின் வடிகாலை அடைத்து வைக்காதீர்கள்.

விமானம் ஓட்டப் பழகுவோருக்கு ஒரு சொல்: சில பழைய சிறு விமானங்களில் வேகமானி மைல் கணக்கில் இருக்கும். கையேட்டின் வரம்புகளைத் தரையிலேயே அதே அலகுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பறக்கும்போது மனக்கணக்கு வேண்டாம்.

மற்றவர்கள் செயலியின் அமைப்பில் 'கி.மீ./மணி' என்பதை இன்றே தேர்ந்தெடுங்கள். ஐயம் இருந்தால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கையைப் பாருங்கள். அதில் வேகம் கிலோமீட்டரிலேயே இருக்கும்.