உப்புன பேட்டரியை ஊசியால குத்தலாமா?

ஹாஸ்டல்ல ஒருத்தன் போனோட பின்மூடி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. சித்திரை வெயில்ல பைக் டேங்க் கவர்லயே போனை வெச்சு ஓட்டுறவன். "ஊசியால குத்துனா காத்து போயிரும்டா" என்றான் பக்கத்து ரூம்காரன்.

சைக்கிள் டியூப் இல்லைங்க அது! எலக்ட்ரோலைட் சிதைந்து உண்டான, எரியக்கூடிய வாயு. குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து ஷார்ட் ஆகும். சூடு தன்னைத்தானே ஏற்றிக்கொண்டே போகும். 2016 செப்டம்பரில் சிங்கப்பூர்–சென்னை இண்டிகோ விமானத்தில் ஒரு சாம்சங் நோட் 2 புகைந்தபோது, ஊழியர்கள் தீயணைப்பானை அடித்ததோடு நிற்காமல் போனைத் தண்ணீரில் போட்டார்கள். சூட்டைத் தணிக்கத்தான்.

உப்பிடுச்சா? சார்ஜரைக் கழற்றி, ஆஃப் பண்ணுங்க. அமுக்காதீங்க. மெத்தை, பேப்பர் பக்கம் வேண்டாம். மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து சர்வீஸ் சென்டரில் கொடுங்க. குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கும், அங்கே பற்றிக்கொள்ளும்.