பழைய எஞ்சினுக்கு எந்தக் கேம்ஷாப்ட்?

பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்டுகிறவனுக்கு முன் பல கேள்விகள் எழும். பெரும்பாலானவற்றுக்கு அளவுகருவியே விடை சொல்லிவிடும். உருளை தேய்ந்திருந்தால் கடைய வேண்டும். பேரிங் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கேம்ஷாப்ட் அத்தகையதன்று. அங்கே அளவுகருவி பாதி விடையைத்தான் தரும். மீதியை வண்டிக்கு உடையவரிடம் கேட்டறிய வேண்டும். அவ்வாறு நான் கேளாததால் நேர்ந்த இழப்பு என்னுடையதன்று, ஒரு முதியவருடையது. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கேம்ஷாப்ட் செய்யும் வேலை

கொல்கத்தாவில் படிக்கும் நாம் நன்கு அறிந்த அம்பாசிடர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை, ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தரபாராவில் உருவான வண்டி அது. நெடுங்காலம் அதில் இருந்த 1,489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது.

இவ்வெஞ்சினில் நான்கு உருளைகள். உருளைக்கு இரண்டு வால்வுகள். ஒன்று காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே விடும். மற்றொன்று எரிந்த புகையை வெளியே விடும். இவற்றைத் திறக்கும் தண்டே கேம்ஷாப்ட். அதன்மேல் எட்டு முட்டை வடிவப் புடைப்புகள் உள்ளன. ஒரு புடைப்பு சுழன்று மேலே வரும்போது டாப்பெட்டை உயர்த்தும். டாப்பெட் புஷ்ராடைத் தள்ளும். புஷ்ராடு ராக்கரை அசைக்கும். ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. கிராங்குஷாப்ட் இருமுறை சுற்றினால் கேம்ஷாப்ட் ஒருமுறை சுற்றும். இரண்டையும் ஒரு சங்கிலி இணைக்கிறது.

சுருங்கச் சொன்னால், எஞ்சின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று வகுப்பது இத்தண்டு.

முன்னே திறப்பதும் பின்னே மூடுவதும்

பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது உள்வால்வு திறந்து, அடியை அடைந்ததும் மூடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. காற்றுக்கும் எடை உண்டு. விரைந்து ஓடும் காற்று, பிஸ்டன் திரும்பி மேலேறத் தொடங்கிய பின்னும் தன் வேகத்தால் உருளைக்குள் புகுந்துகொண்டே இருக்கும். எனவே உள்வால்வைச் சற்றுத் தாமதித்து மூடுவது இலாபம்.

ஆனால் இந்த இலாபம் வேகத்தில் மட்டுமே கிடைப்பது. எஞ்சின் மெல்லச் சுழலும்போது காற்றுக்கு அவ்வேகம் இல்லை. மேலேறும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையையே திரும்ப வெளியே தள்ளிவிடும். உருளை நிரம்பாது, அழுத்தம் குறையும், இழுவை தளரும்.

இன்னொன்றும் உண்டு. புகை வெளியேறும் வால்வு மூடுமுன்பே உள்வால்வு திறந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இந்நேரத்தைக் கூட்டுத்திறப்பு என்போம். அதிவேகத்தில் இது உருளையைத் துப்புரவாக்கும். மெல்லோட்டத்திலோ புகை கலவையோடு கலந்து எஞ்சினைத் திணறச் செய்யும்.

இரண்டு கேம்களை ஒப்பிடுவோம். முதலாவது நகரப் போக்குவரத்துக்கேற்ற அமைதியான கேம். அதன் உள்வால்வு உச்சிக்கு 5 பாகை முன்னே திறந்து, அடிக்கு 45 பாகை பின்னே மூடுகிறது. வெளிவால்வு அடிக்கு 40 பாகை முன்னே திறந்து, உச்சிக்கு 10 பாகை பின்னே மூடுகிறது என்று கொள்வோம். உள்வால்வு திறந்திருக்கும் அளவு 5, 180, 45 மூன்றும் சேர்ந்து 230 பாகை. கூட்டுத்திறப்பு 15 பாகை.

இரண்டாவது, அதே 'பி' வரிசை எஞ்சின் பூட்டிய எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் கேம். அதற்கு இவ்வளவுகள் முறையே 16, 56, 51, 21. திறப்பு 252 பாகை. கூட்டுத்திறப்பு 37 பாகை. தாளில் பார்த்தால் 22 பாகைதான் வேற்றுமை. சாலையிலோ இரண்டும் இருவேறு வண்டிகள்.

நான் செய்த பிழை

லேக் மார்க்கெட் பக்கத்தில் வாழும் ஒரு தமிழ்ப் பெரியவரிடம் பழைய அம்பாசிடர் ஒன்று உண்டு. அவர் ஓய்வூதியத்தில் வாழ்பவர். எஞ்சினில் தட்டும் ஓசை கேட்டுப் பிரித்தபோது, கேம்ஷாப்டின் இரண்டு புடைப்புகள் தேய்ந்திருந்தன. "தம்பி, நீ விஞ்ஞானம் படிக்கிறவன். எது நல்லதோ அதைச் சொல்" என்றார்.

நான் இயற்பியல் மாணவன். நூல்களில் கண்டதைக் கொண்டு, அதிகக் குதிரைத்திறன் தரும் ஸ்போர்ட்ஸ் வகைக் கேமைச் சொன்னேன். வேலை செய்த மிஸ்திரி என்னைப் பார்த்து, இந்த வண்டி எங்கே ஓடப்போகிறது என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியின் ஆழம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

எஞ்சின் கட்டி முடிந்தது. வெறிச்சோடிய விடியற்காலைச் சாலையில் வண்டி பாய்ந்தது, நான் மகிழ்ந்தேன். அடுத்த வாரம் பெரியவர் தம் மனைவியைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். ராஷ்பிகாரி சந்திப்பில் வண்டி நின்றது. கிளப்பினார்; மீண்டும் நின்றது. பின்னால் பேருந்துகள் ஒலியெழுப்ப, அந்த அம்மையார் இறங்கி வெயிலில் நடந்தார்.

பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லை தம்பி, மறுபடி பிரித்துவிடலாம்" என்றார். இருமுறை பிரித்துக் கட்டிய செலவு அவர் ஓய்வூதியத்திலிருந்தே சென்றது.

பிறகு அமர்ந்து கணக்கிட்டேன். மேல் கியரில் மணிக்கு 40 கி.மீ. செல்லும்போது அவ்வெஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,600 முறைதான் சுழல்கிறது. நான் தேர்ந்த கேம் விழித்தெழுவதோ 3,000-க்கு மேலே. அவ்வேகத்தை நம் நகரம் அவருக்கு என்றைக்குத் தரும்? அவருடைய பழைய தண்டையே முதல் வடிவத்துக்குச் சாணைபிடித்துப் பூட்டினோம். வண்டி இன்று சந்திப்புகளில் அமைதியாக நின்று, அமைதியாகப் புறப்படுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, எஞ்சின் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை எந்தச் சுழல்வேகத்தில் கழிக்கும் என்று கணக்கிடுக. அவ்வேகத்தில் இழுவை தரும் கேமே சிறந்த கேம். ஐயம் எழுமானால் இரண்டில் அமைதியானதையே கொள்க.

இரண்டாவது, கேம் தனித்து வேலை செய்வதில்லை. 1,489 கன செ.மீ. எஞ்சினே எம்.ஜி.ஏ. காரில் 70 குதிரைத்திறனை எட்டியது. அம்பாசிடரில் 50-ஐ ஒட்டியே நின்றது. இரட்டைக் கார்புரேட்டர், உயர்ந்த அழுத்த விகிதம் முதலியனவும் துணை நின்றமையால் அது கைகூடிற்று. அவையின்றிக் கேமை மட்டும் மாற்றுவது, ஓடுகிறவனின் மூக்கை அடைத்துவிட்டுக் காலணியை மாற்றுவது போலாகும்.

மூன்றாவது, புடைப்பு உயர்ந்தால் வால்வு மேலும் கீழே இறங்கும். பிஸ்டன்மேல் சிறிது மென்களிமண் வைத்து, எஞ்சினைக் கையால் இருமுறை சுற்றி, களிமண்ணில் பதிந்த தடத்தின் கனத்தை அளந்து பார்க்க வேண்டும். ஸ்பிரிங் முழுதும் நெருங்கி முட்டுகிறதா என்பதையும் காண வேண்டும்.

நான்காவது, புதிய கேமுக்குப் புதிய டாப்பெட்டுகளே பூட்டுக. பழைய டாப்பெட் பழைய புடைப்பின் தேய்வுக்குப் பழகியது; புதியதை விரைவில் அரித்துவிடும்.

ஐந்தாவது, முதன்முறை கிளப்பியவுடன் மெல்லோட்டத்தில் விடலாகாது. கிராங்குஷாப்ட் வாரியிறைக்கும் எண்ணெயே புடைப்புகளை நனைக்கிறது. மெல்லோட்டத்தில் அது போதாது. சுமார் 2,000 சுழற்சியில் இருபது நிமிடம் ஓட்டுக. இன்றைய எண்ணெய்கள் பலவற்றில், புகைத்தூய்மிக் கருவியைக் காக்கும்பொருட்டு, துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டனர். பழைய எஞ்சினின் புடைப்புகளைக் காப்பது அச்சேர்மமே. ஆதலால் அது போதிய அளவுள்ள எண்ணெயைத் தேடி வாங்குக.

இவை ஐந்தும் நூல்களில் உள்ளனவே. நூல்களுக்கு முன்னே கேட்க வேண்டியது மிஸ்திரி கேட்ட அந்த ஒரே கேள்விதான். ஆய்வுக்கூடத்தில் மிகப் பெரிய எண்ணே நல்ல விடை என்று எண்ணும் பழக்கம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. ஒருவர் நம் படிப்பை நம்பி அறிவுரை கேட்கும்போது, அவருக்கு வேண்டுவது என்ன என்று முதலில் நாம் கேட்போமாக.