மலையனூர்ப் பையன் இறைத்த துவரம்பருப்பு

அன்புள்ள தம்பிக்கு,

மேல்மலையனூர்ப் பக்கத்து ஏழு வயதுப் பையனைப் பற்றித் தம்பி எழுதிய கட்டுரை வந்து சேர்ந்தது. பையனின் பெயரையும் பள்ளியையும் மறைத்திருப்பது சரி. விளையாட்டுச் சிகிச்சையின் அரிச்சுவடியெல்லாம் தம்பிக்குத் தெரியும் என்பதால், நேரே இரண்டாம் அமர்வுக்கே வந்துவிடலாம்.

பையன் பிளாஸ்டிக் கோழியை எடுத்துக் கழுத்தைக் கடிக்கிறான். நாக்கைத் துருத்திக்கொண்டு அறையைச் சுற்றி வருகிறான். சொப்புச் சாமானில் இருந்த துவரம்பருப்பை அள்ளி நாலாபக்கமும் வீசுகிறான். வீசிவிட்டு அசையாமல் நிற்கிறான். அதற்குக் கீழே தம்பியின் குறிப்பு: வன்முறை நாட்டம், பொருட்களைப் பாழாக்குதல், எல்லை மீறல். அந்த ஒரு வரியைப் படித்தபோது வந்த எரிச்சல் அக்காவுக்கு இன்னும் அடங்கவில்லை.

மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள் மலையனூரில் மயானக் கொள்ளை. பிரம்மனின் தலையைக் கிள்ளிய தோஷத்தால் சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது. அங்காளம்மன் சோற்றை இறைத்தாள். அதைத் தின்னக் கபாலம் கையை விட்டு இறங்கியது, அம்மன் அதை மிதித்து அடக்கினாள். இது தலத்தின் கதை. இன்றைக்கும் அம்மன் வேடம் கட்டியவர்கள் நாக்கைத் துருத்தி, எலும்பைக் கவ்வி, உயிர்க்கோழியைக் கடித்து ஆடியபடி மயானத்துக்குப் போகிறார்கள். நேர்ந்துகொண்டவர்கள் தானியம், கொழுக்கட்டை, காய்கறி, சில்லறைக் காசு என்று சூறை விடுகிறார்கள். அந்தப் பையன் இதையெல்லாம் யாரோ ஒருவர் தோளில் உட்கார்ந்து வருஷாவருஷம் பார்த்திருப்பான். செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர். அந்த வட்டாரத்தில் வேலை செய்யும் உளவியலாளர் ஒரு மாசித் திருவிழாவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

அதைவிட வருத்தம், அவன் நின்ற நிலை கவனிக்கப்படாமல் போனது. சூறை விட்டால் கூட்டம் முட்டி மோதிக்கொண்டு பொறுக்கும், பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டுபோகும். பருப்பை இறைத்துவிட்டு அவன் காத்திருந்தது அதற்குத்தான் என்று அக்காவுக்குப் படுகிறது. அறையில் இருந்த இன்னொரு ஆள் தம்பி மட்டும். தம்பியோ, “எல்லாத்தையும் எடுத்து வை” என்று சொன்னதாகக் கட்டுரையில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவன் கத்தி, கதவை உதைத்து, கையைக் கடித்துக்கொண்டான். வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-ல் எழுதிய எட்டு நெறிகளில் கடைசி நெறி எல்லையைப் பற்றியது: தேவையான அளவுக்கு மேல் எல்லை போடக் கூடாது. துவரம்பருப்பு பட்டு யாருக்கும் காயம் ஆகாது.

திருவிழாவைத்தான் ஆடினான், ஆகவே கோபம் எதுவும் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. எத்தனையோ விளையாட்டு இருக்க, ஏன் கடிக்கும் சாமியைத் தேர்ந்தெடுத்தான் என்ற கேள்வி நிற்கிறது. ஆனால் இந்தக் கேள்வி தம்பியின் குறிப்பேட்டில் இருக்க வேண்டியது. பையனிடம் திரும்பத் திரும்ப “ஏன் கோபம் வருது, ஏன் கோபம் வருது” என்று கேட்டிருப்பது இரண்டாவது எரிச்சல். வீட்டில், பள்ளியில், தெருவில் எல்லோரும் அவனிடம் அதைத்தான் கேட்கிறார்கள். பதில் தெரிந்திருந்தால் அவன் கதவை உதைத்திருக்க மாட்டான்.

படத்துக்கும் இதே கதிதான். ஆள் வரையச் சொன்னதற்கு, நாக்கு நீண்ட, மண்டையோட்டு மாலை போட்ட பெண்ணை வரைந்திருக்கிறான். “அடக்கப்பட்ட ஆக்ரோஷம்” என்று எழுதியாகிவிட்டது. ஃபுளோரன்ஸ் குடினஃப் 1926-ல் இந்தச் சோதனையை வகுத்தபோது கண், விரல், உடை என்று 51 அம்சங்களை எண்ணினார். எண்ணியது அறிவு வளர்ச்சியைக் கணிக்க. ஆக்ரோஷத்துக்கு அதில் ஒரு புள்ளியும் கிடையாது. ஒவ்வொரு மண்டையோட்டுக்கும் கண்குழி வைத்து வரைந்த ஏழு வயதுக் கையை யாராவது பாராட்டினார்களா?

அடுத்தது பொம்மைகள். இதை அக்கா எங்கே போனாலும் பேசுவாள், பேசாமல் இருக்க முடியாது. தம்பியின் அறைப் புகைப்படத்தில் டைனோசர், தீயணைப்பு வண்டி, ஆங்கிலத்தில் உணர்ச்சிப் பெயர் எழுதிய மஞ்சள் முகங்கள். மார்கரெட் லோவன்ஃபெல்ட் லண்டனில் மணல் தட்டைக் கொண்டுவந்தபோது, எச்.ஜி. வெல்ஸ் 1911-ல் எழுதிய தரை விளையாட்டுப் புத்தகம்தான் தூண்டுதல். அங்கே வந்த பிள்ளைகளின் வீட்டிலும் தெருவிலும் இருந்தவற்றின் குட்டி உருவங்கள் அவருடைய பொம்மைப் பெட்டியில் இருந்தன. செஞ்சி வட்டாரப் பிள்ளைக்கு அவை எவை? புளியங்கொட்டை, சோழி, ஏரிக் களிமண், வேப்பிலை, ஓர் ஆடு, ஒரு மினி பஸ், வேல் நட்ட ஒரு மண்மேடு. செலவே இல்லை.

கையில் கிடைப்பதை வைத்து இப்படி நடத்திய இடம் ஒன்று உண்டு. மட்டக்களப்பில் 1996-ல், போர் நடந்துகொண்டிருந்த நாளில், கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, பாட்டு. கூட இருந்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் இருந்தபோது அக்காவுக்கு அந்தப் பூங்காவின் நினைவுதான் அடிக்கடி வரும். பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவார்கள், குடத்து நீரைக் கொட்டி அழிப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். பார்க்கப் பொறுக்காத தொண்டர்கள், “வேண்டாம் கண்ணு, பூ வரை, வானவில் வரை” என்று கிரேயானை நீட்டுவார்கள். கிரேயானை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் மணலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மீனவப் பாட்டி மட்டும் குடத்தைத் தூக்க முடியாத சின்னவனுக்குத் தூக்கிக் கொடுத்தாள்.

பையனைக் குடும்பத்தார் முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போனதை “மூடநம்பிக்கையால் காலதாமதம்” என்று ஒரு வரியில் முடித்திருப்பதும் வேண்டாம். கடுமையான மனநோயோடு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை ஆர். ரகுராமும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்து இல்லாமலே நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை நம்பி வந்து சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதும் இதே தமிழ்நாட்டில்தான். இரண்டையும் தெரிந்துகொண்டு அந்தக் குடும்பத்தோடு பேச வேண்டும். மலையனூர் அம்மனின் அமாவாசை ஊஞ்சல் விழாவுக்குப் போனால் போகட்டும். யாராவது பையனை வேப்பிலையால் அடித்தார்களா, கட்டிவைத்தார்களா என்று கேட்பது தம்பியின் கடமை.

இனி, நாலாம் அமர்வு. பையன் கோழியை மறுபடி கடிக்கிறான். தம்பி கேள்வி கேட்கவில்லை, தடுக்கவில்லை, தரையில் உட்கார்ந்து, “கோழிக்கு ரொம்ப வலிச்சிருக்கும்” என்கிறார். பையன் கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்கிறான். அறையில் சத்தமே இல்லை. இதை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. வயதில் மூத்த எத்தனையோ பேருக்கு ஆயுள் முழுக்க வாய்க்காத காது தம்பிக்கு இருக்கிறது. அந்தப் பக்கத்தை அக்கா மூன்று மாணவிகளுக்கு வாசித்துக் காட்டினாள், ஒருத்தி அழுதுவிட்டாள்.

அந்தக் காது இருப்பதால்தான் அந்த முத்திரைக் குறிப்பு இவ்வளவு உறுத்துகிறது.

மீதி வேலை ஒன்று இருக்கிறது. பிள்ளையின் பலத்தையும் சிரமத்தையும் கேட்கும் ராபர்ட் குட்மனின் 25 கேள்விப் படிவத்தை வகுப்பு ஆசிரியை மட்டும் நிரப்பியிருக்கிறார். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மா கூடவே போயிருக்கிறார், பையன் ஆயா வீட்டில். அந்த ஆயாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெற்றோருக்கான படிவம் தமிழிலேயே கிடைக்கிறது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டலாம். ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் பதில் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று எழுதி, அப்பா அம்மா ஊரைவிட்டுக் கிளம்பிய மாதத்தையும் கத்தல் தொடங்கிய மாதத்தையும் பக்கத்தில் குறித்து அனுப்ப வேண்டும். முத்திரை எதுவும் அதுவரை வேண்டாம்.

அன்புடன்,
அக்கா