கணைய அழற்சியும் உணவும்

இரைப்பையின் பின்னே மறைந்து கிடக்கும் கணையம் நாம் உண்பதைச் செரிப்பிக்கும் நீரைச் சுரப்பது. பித்தக் கல்லாலேனும் மதுவாலேனும் அது புண்படின், அந்நீர் தான் பிறந்த உறுப்பையே செரிக்கத் தொடங்கும். நோய் முற்றினால் மூச்சும் சிறுநீரகமும் தளர்ந்து உயிருக்கே மோசம் நேரும்.

இத்தகைய நோயாளிக்கு உணவளிக்கலாமோ? உணவு சென்றால் கணையம் மேலும் சுரக்குமென்று அஞ்சிய வைத்தியர்கள் நெடுங்காலம் அவரைப் பட்டினி கிடத்தினர். பிற்காலத்தில் இரத்தக் குழாய் வழியே சத்துநீர் ஏற்றினர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும், வேலையற்ற குடலின் உட்சுவர் நலிவுறுமென்பதும், அங்குள்ள கிருமிகள் அதனைக் கடந்து இறந்துபட்ட திசுவைப் பற்றக்கூடுமென்பதும் பின்னரே கருத்திற்கு வந்தன. 1997-ல் கிரேக்க தேசத்து வைத்தியர்கள் 38 நோயாளிகளைக்கொண்டு ஆராய்ந்தனர். மூக்கின் வழியே சிறுகுடல்வரை செலுத்திய குழாயால் உணவு பெற்றோர்க்குக் கிருமித் தொல்லை குறைந்திருந்தது, செலவும் குறைவே.

அங்ஙனமாயின் குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகளையும் சேர்த்தளித்தால் என்னவென்று நெதர்லாந்து வைத்தியர்கள் எண்ணினர். 2008-ல் வெளியான முடிவு திடுக்கிடச் செய்தது. அவற்றைப் பெற்றோரில் நூற்றுக்குப் பதினாறு பேரும், பெறாதோரில் அறுவரும் மாண்டனர்.

அந்நாட்டவரே 2014-ல் மற்றொன்று காட்டினர்: முதல் நாளிலேயே குழாயிட்டாலும், மூன்று நாள் பொறுத்து வாயால் உண்ணவிட்டு இயலாதார்க்கு மாத்திரம் குழாயிட்டாலும் பலன் ஒன்றே. ஆகவே உண்ண இயன்றவர்க்கு இக்காலத்தில் வாய்வழியே உணவு, இயலாதவர்க்குக் குழாய், குடல் ஏலாதபோதே இரத்தக் குழாய். இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தவர்க்கோ, அது நிலைப்படும்வரை குடலுணவை நிறுத்தி வைப்பர்.