பயராபீஸ் வாசலும் காட்டு வாசலும்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு, முதுமலைக்குக் கூட்டிப் போங்க மாமா, புலி பார்க்கணும் என்று எழுதியிருக்கிறாய். தாயில்பட்டியிலிருந்து முதுமலை வெகுதூரம். போக வர பஸ்ஸிலேயே உன் லீவு கரைந்துவிடும். அதைவிட, நாளைக் காலையில் மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார். மழை ஓய்ந்து வானம் வெளுத்திருந்தால் நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். நீ தேடும் புலி அங்கேயும் இருக்கிறது.

அந்த மலையில் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காக ஒரு சரணாலயம் அமைத்தார்கள். 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலைக் காட்டையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். இந்தியாவில் 51-ஆவது, தமிழ்நாட்டில் 5-ஆவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மலையின் அந்தப் பக்கம் வைகைக்கு நீர் சேர்கிறது. இந்தப் பக்கம் இறங்கும் ஓடைகள் வைப்பாற்றில் கலக்கின்றன. வெம்பக்கோட்டை அணையில் நீ பார்க்கிற தண்ணீரும் அந்த மலைச்சரிவில் பெய்த மழைதான். அதனால் அது உனக்கு வேற்றூர் இல்லை.

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், மூன்றும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தாய். மூன்றும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தேசியப் பூங்காவில் கட்டுப்பாடு மிக அதிகம், ஆடு மாடு மேய்ப்பதற்குக்கூட இடமில்லை. சரணாலயத்தில் அங்கே ஏற்கெனவே வாழும் மக்களின் சில உரிமைகளை அனுமதியோடு தொடர விடலாம். புலிகள் காப்பகத்தில் நடுக்காடு முழுக்க விலங்குகளுக்கு, சுற்றியுள்ள வெளிக்காட்டில் மனிதர் நடமாட்டத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. இந்தக் காப்பகத்தில் நாம் போகப்போவது செண்பகத்தோப்புக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது.

இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே புலியைப் பார்ப்பாய் என்று எண்ணி வராதே. 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதற்குமே 306 புலிகள்தான். இவ்வளவு பெரிய காட்டில் அது உன்னைப் பார்த்திருக்கும், நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். நீ பார்க்க வேண்டியது அந்தச் சாம்பல் நிற அணிலை.

வீட்டு முற்றத்தில் ஓடுகிற மூன்று கோட்டு அணிலை நினைத்துக்கொள்ளாதே. இது ஒரு பூனை அளவு இருக்கும். வாலே உடம்பு நீளத்துக்கு இருக்கும். பழுப்பு முடிக்கு நடுவே வெள்ளை முடி கலந்து, நரைத்த தலை போலத் தெரியும். உலகத்தில் இது இருப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே. தரையில் இறங்குவது மிக அபூர்வம். கிளைக்குக் கிளை தாவும், மரத்திலேயே உண்ணும், உறங்கும், குட்டியை வளர்க்கும். கூட்டைக்கூட அடுத்தடுத்த மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடுகிற இடமாகப் பார்த்துத்தான் கட்டும். கழுகு வந்தால் சட்டென்று அடுத்த மரத்துக்குத் தப்ப வேண்டுமே! அப்படியானால் நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று யோசி. நமக்கு அது ஒரு மரம். அணிலுக்கு அது தெருவே அறுந்துபோன மாதிரி.

நான் முதல்முறை போனபோது நண்பர்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தேன். மரத்தையும் பாறையையும் தவிர எதையும் பார்க்கவில்லை. அடுத்தமுறை வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எங்களை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, அரை மணி நேரம் வாய் திறக்காதீங்க என்றார். முதலில் கொறித்துப் போட்ட காய்த்தோல் மேலிருந்து விழுந்தது. அப்புறம் ஒரு கிளை ஆடியது. பிறகு அந்த நீண்ட வால். காட்டில் கண்ணுக்கு முன்னால் காதுதான் வேலை செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காட்டில் எப்படி நடந்துகொள்வது என்று பெரிய பட்டியல் எழுதலாமா என்று யோசித்தேன். தேவையில்லை, உன் வீட்டிலேயே அது தெரிந்தவர் இருக்கிறார். அம்மா தான் வேலை செய்யும் பட்டாசு ஆலைக்குள், அதாவது நாம் சொல்லும் பயராபீஸுக்குள், எப்படிப் போகிறாள் என்று கேட்டிருக்கிறாயா? பருத்திச் சேலைதான் கட்டுவாள். வாசலிலேயே செல்போனைக் கொடுத்துவிடுவாள். தீப்பெட்டி உள்ளே போகவே கூடாது. ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்றால் அதற்கு மேல் ஒருவர்கூட நுழையக் கூடாது. வெடிமருந்து இருக்கும் இடத்தில் ஓட மாட்டாள், எதையும் இழுக்க மாட்டாள், தட்ட மாட்டாள். அங்கே நடக்கிற தவறைத் திருத்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

காடும் அப்படித்தான். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் விடுகிற நாளில், விடுகிற தூரம் வரைதான் போக வேண்டும். பச்சையோ பழுப்போ மங்கிய நிறத்தில் பருத்தித் துணி போடு, சென்ட் வேண்டாம். போனை அமர்த்தி வை. கும்பலாகப் போகாமல் நாலைந்து பேராகப் போவோம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் போதும், பிளாஸ்டிக் பை எதுவும் உள்ளே வரக்கூடாது. குரங்கு கையை நீட்டினாலும் எதையும் கொடுக்காதே. நாம் போடுகிற தீனிக்காகச் சாலையோரத்தில் காத்திருந்து பழகிய குரங்குதான் வண்டிச் சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறது. சாத்தூர் சேவும் பால்கோவாவும் வெளியே வந்த பிறகு நான் வாங்கித் தருகிறேன்.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தது. மலையேறப் போயிருந்தவர்கள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும், காற்றும் சேர்ந்துகொள்ளும். அப்போது சரிவில் தீ மேல்நோக்கி ஏறுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அதனால்தான் கோடையில் காட்டுக்குள் போகத் தடை போடுகிறார்கள். ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

செண்பகத்தோப்பில் பளியர் மக்கள் வாழ்கிறார்கள். தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது. எந்த மரத்தில் எந்த மாதம் எது பழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லு, கேட்டுத் தெரிந்துகொள். அவர்கள் வீட்டைக் காட்சிப்பொருள் மாதிரி எட்டிப் பார்க்காதே, கேட்காமல் படம் எடுக்காதே.

இன்னொரு வாரக்கடைசியில் உன்னைக் கூட்டிப்போக நினைக்கிற இடம் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி. திருப்பத்தூருக்குப் பக்கத்தில், 1977 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கும் வேட்டங்குடியைச் சேர்ந்த ஊர். மழைக்காலம் தொடங்கிக் கண்மாய் நிறைந்ததும் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் வந்து மரங்களில் கூடு கட்டும். அந்தச் சமயத்தில்தான் தீபாவளி வருகிறது. பறவைகள் கூட்டையும் குஞ்சையும் விட்டுப் பறந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல வருடங்களாகப் பட்டாசே வெடிப்பதில்லை. தீபாவளிக்கு வனத்துறை அதிகாரிகள் அவர்களுக்கு இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வார்கள்.

இதைப் படித்ததும் உன் முகம் வாடும் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுச் சோறு பட்டாசில் வருகிறது. நீ படிக்கிற பள்ளிக் கட்டணம் அம்மா சுற்றிய சரத்தில் வந்தது. அதற்காக நீ தலைகுனிய வேண்டியதில்லை. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் நமக்கு எதிரிகளும் இல்லை. எந்த இடத்தில் எந்த நேரத்தில் சத்தம் போடலாம், எங்கே கூடாது என்று அவர்கள் ஊர்கூடி முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். மருந்தைக் கையாளுகிற நமக்கு இது நன்றாகவே புரிய வேண்டும். நம் பிழைப்பே எதை எங்கே வைக்கலாம், எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதில்தானே நிற்கிறது?

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. முதல் பஸ்ஸில் சிவகாசி வந்து, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாறிவிடு. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வா. பார்த்ததை மட்டும் எழுதாதே, கேட்ட ஒலியையும் மணத்தையும் எழுது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கும் அன்றைக்கு லீவுதான். இத்தனை வருடமாக மாடியில் துணி காயப்போடும்போது பார்த்த மலையை அவள் ஒருநாள்கூடக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அவளை முன்னால் நடக்க விடு. அவள் எப்படிக் கால் வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே பின்னால் வா.

அன்புடன்,
உன் தாய்மாமா
ஸ்ரீவில்லிபுத்தூர்