யுத்த நாளில் ஒரு ஐயரின் வாக்கு

வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: மத்தேயு 5:33-37, எரேமியா 29:7



நம்ம செம்மங்குப்பத்திலிருந்து வடக்கே போனால் கடலூர், தேவனாம்பட்டினம். தெற்கே போனால் பரங்கிப்பேட்டை. இந்தக் கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் பட்டாளம் நடந்த பூமி. 1758 ஜூனில் பிரெஞ்சு தளபதி லாலி தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தான். கடலூரில் 1740 முதல் ஊழியம் செய்துவந்த கியர்நாண்டர் ஐயர் அந்த வருஷமே கல்கத்தாவுக்குப் போகவேண்டியதாயிற்று. (அந்நாட்களில் புரொட்டஸ்டண்ட் போதகர்களை ஜனங்கள் ஐயர் என்றுதான் அழைப்பார்கள்.) பிறகு 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய யுத்தம். 1782 ஏப்ரலில் கடலூர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. அப்போது அங்கே இருந்தவர் கெரிக்கே ஐயர். அவர் பிரசங்கித்த ஆலயத்தை வெடிமருந்துக் கிடங்காக்கிவிட்டார்கள்! அவர் நாகப்பட்டினம் போய் ஊழியத்தைத் தொடர்ந்தார்.

ஆலயம் போயிற்று, சபை சிதறிற்று. அப்படிப்பட்ட நாளில் ஒரு ஊழியக்காரனிடம் மிச்சம் இருப்பது என்ன? இதற்கு ஸ்வார்ட்ஸ் ஐயரின் ஜீவியத்தைப் பார்ப்போம்.

ஜெர்மனி தேசத்தில் 1726இல் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும் பிறகு தஞ்சாவூரிலும் ஊழியம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சி கோட்டைப் பட்டாளத்துக்குப் போதகராக கம்பெனி வருஷம் 100 பவுன் கொடுத்தபோது, அதில் பாதியை மிஷன் வேலைக்கே கொடுத்துவிட்டார். தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி எல்லாம் உட்கார்ந்து படித்தவர்.

1779இல் சென்னை கவர்னர் இவரைக் கூப்பிட்டு, ஹைதர் அலியிடம் சமாதானம் பேசப் போகச் சொன்னார். ஏன் ஒரு போதகரை அனுப்பவேண்டும்? 1769 ஒப்பந்தத்தில் ஒருவருக்கொருவர் உதவி செய்வோம் என்று கையெழுத்துப் போட்ட கம்பெனி, மராட்டியர் மைசூரைத் தாக்கினபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே கம்பெனி ஆள் யார் வந்தாலும் ஹைதர் நம்பமாட்டார். இந்தக் கிறிஸ்தவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று ஐயரைப்பற்றி அவர் சொன்னதாகச் சொல்லுவார்கள்.

ஊழியக்காரனுக்கு அரசியல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐயரும் அதை யோசிக்காமல் புறப்படவில்லை. இரத்தம் சிந்தாமல் தடுக்க வழியிருந்தால் போகவேண்டும், ஆனால் சுவிசேஷ வேலை இதனால் நிற்கக்கூடாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டே போனார். வழியெல்லாம் பிரசங்கித்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் சேனையிலிருந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு ஆராதனை நடத்தினார், ஹைதர் தடுக்கவில்லை. அந்த அரண்மனையில் அதிகாரிகளையே சாட்டையால் அடிப்பதைக் கண்ணால் பார்த்தார். அப்படிப்பட்ட ராஜா இவருக்கு வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். ஐயர் என்ன பண்ணினார்? சென்னைக்குக் கொண்டுவந்து சர்க்காரிடம் ஒப்படைத்தார். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சாவூர் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாக வைத்தார்.

சமாதானம் மட்டும் வரவில்லை. 1780இல் யுத்தம் வெடித்தது. அவர் போன காரியம் தோற்றுப்போயிற்று என்றுதான் சொல்லவேண்டும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஊரெல்லாம் தீ வைத்துக்கொண்டு வந்த ஹைதரின் குதிரைப்படைக்கு ஒரு கட்டளை இருந்தது: இந்தப் பாதிரியாரை எங்கேயும் தடுக்கக்கூடாது.

1781இல் தஞ்சாவூர் கோட்டைக்குள் பஞ்சம். நாட்டுப்புறத்தில் நெல் இருக்கிறது. ஏற்றிவர மாடு இல்லை. ராஜா துளஜா கேட்டும் குடியானவர்கள் மாடு தர வரவில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியுமா? முன்னே கொடுத்தவர்களுக்குக் கூலி வந்து சேரவில்லை. கடைசியில் ராஜா ஐயரிடம் வந்தார். ஐயர் கடிதம் எழுதினார்: கூலியை என் கையாலேயே தருகிறேன், மாடு செத்தால் அதற்கும் நான் பொறுப்பு. இரண்டு மூன்று நாளைக்குள் ஆயிரம் மாடுகள் வந்துவிட்டன! 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது.

பாருங்க, அந்தக் குடியானவர்களில் அநேகர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவருடைய பிரசங்கத்தை எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்களோ, கர்த்தருக்குத் தெரியும். அவர் சொன்னால் செய்வார் என்பதை மட்டும் எல்லோரும் அறிந்திருந்தார்கள். நம்ம தெருவில் மளிகைக்கடைக்காரர், சீட்டுப் பிடிக்கிறவர், வயலில் கூட வேலை செய்கிறவர், இவர்கள் நம்ம வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒரு மாட்டை அவிழ்த்துக் கொடுப்பார்களா? உபவாச ஜெபத்தில் முழங்கால்படியிடும்போது இதையும் யோசித்துப் பார்ப்போம்.

யுத்தத்தின் பின்னும் கஷ்டம் தீரவில்லை. வரிக்கொடுமை தாங்காமல் தஞ்சாவூர்க் குடிகள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடிப்போனார்கள். நிலம் தரிசாய்க் கிடந்தது. திரும்பி வாருங்கள் என்று ராஜா சொல்லியும் ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் ஐயர்தான் பேசவேண்டியதாயிற்று. அவர் சொல்லை நம்பி ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். விதைக்கிற பருவம் ஏறக்குறைய கடந்துபோயிருந்தது. நீங்கள் எங்களுக்காக நின்றீர்கள், உங்களுக்கு அவமானம் வரவிடமாட்டோம் என்று சொல்லி, இராப்பகலாய் வயலில் இறங்கினார்கள்.